15 மில்லியன் போக மீதி 5 மில்லியன் எங்கே?

கேள்வி: நான் சிங்கப்பூரில் ஒரு தனியார் கல்வி நிலையத்தின் வளாகப் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். ஐந்து மாடி வகுப்பறைக் கட்டடம் கட்ட எங்கள் நிர்வாகக் குழு 20 மில்லியன் வெள்ளி ஒதுக்கியிருக்கிறது. கட்டுமானத்துக்கு 15 மில்லியன் போதும் என்கிறார் கட்டடக் கலைஞர். மீதி 5 மில்லியனில் பழைய அரங்கத்தையும் புதுப்பித்துவிடலாம் என்கிறார் தலைவர். எனக்கென்னவோ இது சரிப்பட்டு வரும் என்று தோன்றவில்லை. செலவு கைமீறாமல் இருக்க இப்போதே என்ன செய்யலாம்?

பதில்: உங்களுக்குத் தோன்றியதுதான் சரி. அந்த 5 மில்லியன் ஏற்கெனவே செலவாகிவிட்டது, பில்தான் இன்னும் வரவில்லை.

கட்டடக் கலைஞர் தப்பாகச் சொல்லவில்லை. அவர் சொன்னது காண்டிராக்டர் கைக்குப் போகும் தொகை. குழு ஒதுக்கியிருப்பது திட்டம் முழுவதுக்குமான தொகை. இரண்டுக்கும் நடுவில் இருப்பவற்றை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். 15 மில்லியனுக்கு 9 விழுக்காடு பொருள், சேவை வரி மட்டும் 1.35 மில்லியன். கட்டடக் கலைஞர், பொறியாளர்கள், கியூஎஸ் என்று எல்லாரும் கூப்பிடும் என்னைப் போன்ற செலவுக் கணிப்பாளர்கள் ஆகியோரின் கட்டணம் ஏறக்குறைய 10 விழுக்காடு என்று வையுங்கள், அது 1.5 மில்லியன். மேசை நாற்காலி, திரை, கணினி இணைப்பு, பெயர்ப் பலகை எல்லாம் சேர்த்து 1.2 மில்லியன். வரைபடம் இன்னும் முடியாத இந்தக் கட்டத்தில் எதிர்பாராச் செலவுக்கு 10 விழுக்காட்டுக்குக் குறைவாக ஒதுக்க நான் சம்மதிக்க மாட்டேன், அது இன்னொரு 1.5 மில்லியன். கூட்டினால் 20.55 மில்லியன். அரங்கத்தில் ஒரு விளக்குகூட மாற்றவில்லை, அதற்குள் அரை மில்லியனுக்கு மேல் பற்றாக்குறை.

வரி விஷயத்தில் உங்கள் கணக்காளரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். இங்கே கல்விக் கட்டணத்துக்குப் பொருள், சேவை வரிவிலக்கு கிடையாது. அதனால் வரிக்குப் பதிவு செய்து மாணவர்களிடம் வரி வசூலிக்கும் நிலையம், கட்டடத்துக்குக் கட்டிய வரியைத் திரும்பப் பெற வழி இருக்கிறது. ஆனால் பணம் முதலில் வெளியே போய்விட்டுத்தான் திரும்பி வரும். நன்கொடையில் நடக்கும் அமைப்பு என்றால் முழுத் தொகையும் திரும்பும் என்று எண்ணிக்கொள்ளாதீர்கள்.

அப்புறம், அந்த 15 மில்லியன் எந்த மாத விலை? இதைக் கேட்காமல் எந்த மதிப்பீட்டையும் குழுவின் முன் வைக்காதீர்கள். பெரும்பாலும் அது இன்றைய விலையாகத்தான் இருக்கும். நீங்கள் டெண்டர் விடுவதற்குள் ஒன்றரை ஆண்டு ஓடிவிடும். ஆண்டுக்கு 4 விழுக்காடு ஏறும் என்று வைத்துக்கொண்டாலும் 15 மில்லியன் 15.9 ஆகிவிடுகிறது. கட்டட, கட்டுமான ஆணையம் டெண்டர் விலைக் குறியீட்டை வெளியிடுகிறது. கடந்த சில ஆண்டுகளில் அது எப்படி நகர்ந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு உங்கள் எண்ணைத் தேர்ந்தெடுங்கள். கொவிட் காலத்தில் ஆட்கள் விடுதிகளில் முடங்கி, பொருள்களும் விலை ஏறியபோது மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் இதைச் சொல்லத் தேவையில்லை.

குழுவில் யாராவது ஒருவர் “அந்தப் பல்கலைக்கழகத்தில் இவ்வளவுக்குக் கட்டினார்களே” என்று கட்டாயம் கேட்பார். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 2023ல் திறந்த ‘காயா’ மரக்கட்டடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 43,500 சதுர மீட்டர், 125 மில்லியன் வெள்ளி என்று செய்திகளில் வந்தது. வகுத்தால் சதுர மீட்டருக்கு 2,900 வெள்ளிகூட வரவில்லை. ஆனால் அந்த 125க்குள் என்னென்ன அடக்கம், அது எந்த ஆண்டு டெண்டர் விலை என்பது அந்த எண்ணில் இல்லை. 43,500 சதுர மீட்டர் கட்டுகிறவருக்குக் கிடைக்கும் விலை உங்கள் ஐந்து மாடிக்குக் கிடைக்கவும் கிடைக்காது.

சரி, குறைப்பது எங்கே? டைல்ஸிலும் கதவுக் கைப்பிடியிலும் இல்லை. உண்மையில் எத்தனை அறை வேண்டும் என்பதில்தான் பெரிய பணம் இருக்கிறது. 1,000 சதுர மீட்டர் வகுப்பறை கேட்டால், நடைபாதை, படிக்கட்டு, கழிவறை, குளிரூட்டி இயந்திர அறை எல்லாம் சேர்த்து 1,500 முதல் 1,700 வரை கட்ட வேண்டிவரும். அதனால் கட்டடக் கலைஞரை மறுபடி பார்ப்பதற்கு முன் ஒரு வாரம், காலையிலும் பிற்பகல் மூன்று மணிக்கும், இருக்கிற வகுப்பறைகளை நீங்களே சுற்றிவந்து காலியாக இருப்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். “அறையே போதவில்லை” என்று புலம்பும் வளாகங்களில் வெள்ளிக்கிழமை பிற்பகல் பாதி அறைகளில் ஃபேன் மட்டும் சுற்றிக்கொண்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். கால அட்டவணையைக் கலைத்துப் போட்டு நான்கு அறை மிச்சமானால், நான்கு அறையின் கட்டுமானச் செலவு மட்டுமில்லை, அவற்றைக் குளிரூட்டும் செலவும் மிச்சம்.

வெற்று நிலத்தில் கட்டுவது வேறு, பாடம் நடக்கும் வளாகத்துக்குள் கட்டுவது வேறு. அந்த வித்தியாசத்துக்கும் விலை உண்டு, அதை யாரும் மதிப்பீட்டில் தனியாக எழுதுவதில்லை. லாரிகள் பிள்ளைகள் வரும் நேரத்திலும் போகும் நேரத்திலும் உள்ளே வரக்கூடாது, தேர்வு நாளில் துளை போடக்கூடாது, வேலையாட்களுக்குத் தனி வாசல் வேண்டும். இதையெல்லாம் டெண்டர் ஆவணத்திலேயே எழுதிவிட்டால் காண்டிராக்டர் போட்டி விலையில் சேர்த்துக்கொள்வார். வேலையைக் கொடுத்த பிறகு சொன்னால் அது அவருடைய கூடுதல் கோரிக்கையாகத் திரும்பி வரும்.

சத்தமான வேலைக்குப் பள்ளி விடுமுறையைப் பயன்படுத்தலாம் என்பது எல்லாருக்கும் வரும் யோசனை. ஜூனில் நான்கு வாரம் நல்ல நேரம்தான். ஆனால் ஆண்டிறுதி ஆறு வாரத்தை நம்பிக் கூரையைத் திறக்கவோ பள்ளம் தோண்டவோ திட்டமிடாதீர்கள், வடகிழக்குப் பருவமழை சரியாக அப்போதுதான் வந்து நிற்கும். அதைத் தாண்டினால் சீனப் புத்தாண்டு, பொருள் கொடுப்பவர்கள் கடையை மூடிவிடுவார்கள். பக்கத்தில் குடியிருப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமை வேலையையும் கணக்கில் சேர்க்காதீர்கள்.

மண்ணுக்குள் இருப்பதைப் பற்றி ஒரு கதை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளியில் அடித்தளம் தோண்டியபோது, எந்த வரைபடத்திலும் இல்லாத கழிவுநீர்க் குழாய் ஒன்று கிடைத்தது. பள்ளத்தில் தண்ணீர் ஏறி, வேலை நின்று, குழாயைத் திருப்பிவிட அனுமதி வாங்கி முடிக்க ஆறு வாரம் ஆனது. மூன்றாவது வாரம் தற்செயலாக வந்த ஒரு பெரியவர், அந்தப் பள்ளியில் முப்பது ஆண்டு தோட்ட வேலை பார்த்தவர், குடையால் தரையைத் தட்டிக் காட்டினார்: “பழைய கேண்டீன் இங்கதானே தம்பி இருந்துச்சு? அந்தக் குழாய் இப்படித்தான் போகும்.” நில ஆய்வுக்குக் கொடுத்த பணம் வீண் என்று சொல்லவில்லை. மண் ஆய்வில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டவே வேண்டாம். கடலோரம் இளகிய களிமண், புக்கிட் தீமா பக்கம் கருங்கல் என்று இந்தச் சின்னத் தீவுக்குள்ளேயே அடித்தளச் செலவு அடியோடு மாறிவிடும். ஆனால் உங்கள் நிலையத்தில் ஓய்வுபெற்ற பழைய ஊழியர்கள் இருந்தால், ஒரு டீ வாங்கிக் கொடுத்து வளாகத்தைச் சுற்றி அழைத்து வாருங்கள்.

வேலை தொடங்கிய பிறகு செலவு ஏறுவது பெரும்பாலும் நம் வீட்டுக்குள்ளிருந்துதான். இன்னொரு இடத்தில் ஆய்வகப் பொறுப்பாளர் தளத்துக்குப் போய், புதுக்கோட்டையிலிருந்து வந்திருந்த ஃபோர்மேனிடம் அன்பாகச் சொன்னார்: “தம்பி, இந்தக் கதவ மட்டும் அந்தப் பக்கம் மாத்திடுங்களேன்.” அவரும் “சரி சார்” என்று மாற்றிவிட்டார். கதவோடு சுவிட்ச் நகர்ந்தது, வெளியேறும் வழி விளக்கு நகர்ந்தது, தீப்பாதுகாப்பு வரைபடத்தைத் திருத்திக் குடிமைத் தற்காப்புப் படைக்கு மறுபடி அனுப்ப வேண்டியிருந்தது. ஒரு கதவுக்கு இவ்வளவு. உங்கள் தரப்பில் ஒரே ஒருவர்தான் மாற்றம் சொல்லலாம், அதுவும் எழுத்தில், விலையைப் பார்த்த பிறகு என்று முதல் கூட்டத்திலேயே முடிவெடுங்கள். அந்த ஒருவர் நீங்களாக இருந்தால் நல்லது. எதிர்பாராச் செலவுக்கு எவ்வளவு வைத்திருக்கிறீர்கள் என்பதைத் துறைத் தலைவர்களிடம் சொல்லாதீர்கள், தெரிந்த மறுநாளே அது பொது உண்டியல் ஆகிவிடும்.

பணம் கொடுப்பதில் ஒரு சட்டச் சிக்கலும் இருக்கிறது. எஸ்ஓபி சட்டம் என்று நாங்கள் சொல்லும் கட்டுமானப் பணப்பட்டுவாடாச் சட்டம் 2005லிருந்து நடப்பில் இருக்கிறது. காண்டிராக்டர் கேட்கும் தொகையில் உடன்பாடு இல்லையென்றால், ஒப்பந்தத்தில் சொன்ன நாளுக்குள், அதிகபட்சம் 21 நாளுக்குள், காரணத்தோடு எழுத்தில் பதில் தர வேண்டும். தவறவிட்டால், விவகாரம் நடுவரிடம் போகும்போது உங்கள் காரணங்கள் பெரும்பாலும் எடுபடாது. டிசம்பரில் கையெழுத்துப் போடுகிறவர் ஊருக்குக் கல்யாணத்துக்குப் போயிருக்கிறார் என்பதைச் சட்டம் ஒரு காரணமாக ஏற்பதில்லை. இரண்டாவது கையெழுத்துக்கு ஆள் வைத்துக்கொள்ளுங்கள்.

குளிரூட்டியைப் பற்றி மட்டும் ஒரு யோசனை. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் 2019ல் திறந்த எஸ்டிஇ4 கட்டடத்தில் காற்றை அவ்வளவு குளிர வைக்காமல் மேலே சீலிங் ஃபேன்களைச் சுழல விட்டிருக்கிறார்கள். ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். டெண்டர் விலை கூடிவிட்டால், ஃபேனை வெட்டிவிட்டுப் பெரிய குளிரூட்டியை வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொல்வார்கள். அதற்கு முன்னால் அந்த அறையில் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.

இனி அரங்கம். தலைவரிடம் முடியாது என்று சொல்ல வேண்டாம். அதே டெண்டரில் அரங்கத்துக்குத் தனி விலை கேளுங்கள். எடுத்துக்கொள்வதும் விடுவதும் உங்கள் விருப்பம் என்றும், அந்த விலை எத்தனை மாதம் செல்லும் என்றும் அதில் எழுதச் சொல்லுங்கள். அடித்தள வேலை முடிந்து எதிர்பாராச் செலவில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று தெரிந்த பிறகு முடிவெடுக்கலாம். அதற்கு முன் அரங்கம் எந்த ஆண்டு கட்டப்பட்டது என்று பழைய கோப்பில் தேடுங்கள். 1991 ஜனவரிக்கு முன் கட்டியது என்றால், கை வைப்பதற்கு முன்பே ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறதா என்று சோதிப்பது கட்டாயம். இருந்தால், அதை அகற்றுவதற்கே ஒரு தனி விலை வாங்க வேண்டியிருக்கும்.