மாப்பிள்ளை தரும் விமானத்தை மறுப்பதா?

கேள்வி: 2007 முதல் கணினியில் விமானம் ஓட்டுகிறேன். 2020-ல் வந்த மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டருக்காகப் புதுக் கணினி, யோக் என்ற திருப்பும் பிடி, த்ராட்டில், பெடல், அதில் ஓட்டத் தனி விலை கொடுத்து ஒரு போயிங் 737 என்று லட்ச ரூபாய்க்கு மேல் செலவழித்தேன். இன்னும் பத்து வருடத்துக்கு இதுதான் என்று வீட்டில் சொல்லித்தான் அத்தனையும் வாங்கினேன். மூன்றே வருடத்தில், 2023 ஜூனில், 'ஃப்ளைட் சிமுலேட்டர் 2024' வருகிறது என்று அறிவித்துவிட்டார்கள். அன்றிரவே எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் குழுவில், 'இனி இவர்களுக்கு ஒரு பைசா தரமாட்டேன்' என்று எழுதினேன். ஏழு பேரில் நால்வர் பிற்பாடு புதியதற்கு மாறிவிட்டார்கள். நாங்கள் மூவர் பழையதிலேயே இருக்கிறோம், பேச்சும் குறைந்துவிட்டது. இப்போது என் மணிவிழாவுக்கு அந்தப் புதியதையே, அதிலும் விலை கூடிய பதிப்பாக, மாப்பிள்ளை வாங்கித் தரப்போவதாக மகள் ரகசியமாகச் சொல்கிறாள். மாப்பிள்ளை தருவதை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? வாங்கிக்கொண்டால் என் வார்த்தை என்னாவது?
– வாசகர், கோவை

பதில்: ஐயா, 'விமானம் ஓட்டுகிறேன்' என்று எழுதியிருக்கிறீர்கள், 'விளையாடுகிறேன்' என்று மறந்தும் எழுதவில்லை. நீங்கள் எந்த ரகம் என்பது அந்த முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. நானும் அதே ரகம்தான் என்பதால் உங்கள் கோபத்திலிருந்தே தொடங்குகிறேன்.

கோபம் நியாயமானது. பத்து ஆண்டுகளுக்கு இதை வளர்த்துக்கொண்டே போவோம் என்ற பேச்சு 2020-ல் தயாரிப்பாளர்கள் தரப்பிலிருந்தே வந்தது. நாடு நாடாக இலவச உலகப் புதுப்பிப்புகள் வந்துகொண்டிருந்தன. 2022 நவம்பரில் இந்தத் தொடரின் நாற்பதாம் ஆண்டு என்று ஹெலிகாப்டர், கிளைடர் எல்லாம் கூடுதல் காசு கேட்காமல் தந்தார்கள். அதற்கு ஏழு மாதம் கழித்து, 2023 ஜூன் 11-ஆம் தேதி எக்ஸ்பாக்ஸ் நிகழ்ச்சியில், காட்டுத்தீயை அணைக்கும் விமானமும் மீட்புப் பணி ஹெலிகாப்டரும் திரையில் வந்தபோது பலர் அதை இன்னொரு புதுப்பிப்பு என்றே நினைத்திருப்பார்கள். கடைசியில் '2024' என்ற எண் விழுந்ததும்தான் தூக்கிவாரிப்போட்டது.

இதே நிறுவனம் 2020 பதிப்பை 2019 ஜூனில் முன்னறிவிப்பில்லாமல்தான் அறிவித்தது. அப்போது யாரும் கோபப்படவில்லை, ஊரே கொண்டாடியது. இதே தொடரின் முந்தைய பதிப்பான எஃப்எஸ்எக்ஸ் வந்தது 2006-ல். அதைச் செய்த ஏசஸ் ஸ்டுடியோவை 2009 ஜனவரியில் மூடினார்கள். 2012-ல் 'மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட்' என்று ஒன்றைக் கொண்டுவந்து சில மாதங்களிலேயே அந்த வேலையையும் நிறுத்தினார்கள். அப்படி வருடக்கணக்கில் பட்டினி கிடந்தவன் இலையில் 2019-ல் சோறு விழுந்தது. 2023-லோ நீங்கள் பாதிச் சாப்பாட்டில் இருந்தீர்கள்; சாம்பாரே முடியவில்லை, அடுத்த பந்திக்கு இலை போடுகிறோம் என்று குரல் கொடுத்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

ஆனால் ஒன்று. அன்றிரவே குழுவில் சபதம் போட்டுவிட்டீர்கள். அடுத்த சில நாட்களில் வந்த விளக்கத்தை நிதானமாகப் படித்தீர்களா என்பது எனக்குச் சந்தேகம். பழையதைக் கைவிட மாட்டோம், அதற்கு வாங்கிய கூடுதல் விமானங்களும் விமான நிலையங்களும் ஏறக்குறைய எல்லாமே புதியதிலும் ஓடும் என்றார்கள். நடந்தது முழுக்க அப்படி இல்லைதான். பல அப்படியே ஓடின, நுணுக்கமான சில விமானங்களுக்கு அவற்றைச் செய்தவர்கள் தனியாகப் புதுப்பிப்பு தர வேண்டியிருந்தது. உங்கள் 737 அந்த இரண்டாவது வகையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அதைச் செய்தவர்களின் தளத்தில், பழைய உரிமம் செல்லுமா, மாற்றிக்கொள்ளக் கட்டணம் உண்டா என்று முதலில் பாருங்கள். கட்டணம் என்றால் அதைத் தருவது உங்கள் பை. சபதத்தின் கணக்கு அங்கேதான் இடிக்கும்.

மற்றபடி சபதத்தில் எனக்கு ஒரு சிக்கலும் தெரியவில்லை. 'ஒரு பைசா தரமாட்டேன்' என்றுதானே எழுதினீர்கள்? தரப்போகிறவர் மாப்பிள்ளை.

சிரித்துவிட்டீர்கள் என்றால் மேலே படியுங்கள். உங்களை உறுத்துவது சபதம் இல்லை, உங்களோடு மிச்சமிருக்கும் அந்த இருவரின் முகம். நீங்கள் சொன்னதற்காகவே நின்றவர்களாகக்கூட இருக்கலாம். அவர்கள் வேறு யார் வாயிலாகவோ தெரிந்துகொள்ளும்படி விடாதீர்கள். மணிவிழா அழைப்பை எடுத்துக்கொண்டு நேரில் போய், 'மாப்பிள்ளை வாங்கித் தருகிறார், மறுக்க முடியவில்லை' என்று உள்ளதைச் சொல்லுங்கள். பழையதை நீக்கப்போவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒரே கணினியில் இரண்டையும் வைத்துக்கொள்ளலாம், ஒன்று மற்றதைத் தொடாது.

ஏழு பேரும் மறுபடி ஒரே வானத்தில் பறக்க ஒரு வழியும் இருக்கிறது. வாட்சிம் என்பது கணினியில் பறப்பவர்களை இணைத்து 2001 முதல் தன்னார்வலர்கள் நடத்தும் வலையமைப்பு, கட்டணம் கிடையாது. அதில் 2020 பதிப்பில் பறப்பவர், 2024 பதிப்பில் பறப்பவர், எக்ஸ்-பிளேன் என்ற வேறொரு சிமுலேட்டர் வைத்திருப்பவர் எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்க்கலாம். கட்டுப்பாட்டு அறையில் இருந்து பேசுகிறவரும் நம்மைப் போன்ற ஒருவர்தான். முதல் நாள் ஒலிவாங்கியை அழுத்தும்போது நாக்கு குழறும். உங்களுக்கு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள்.

இனி பரிசு. மகள் ரகசியமாகச் சொன்னதால் பதிலும் மகள் வழியாகவே போகட்டும். 'ஏவியேட்டர்' என்ற உச்சப் பதிப்பில் 125 விமானங்கள், சாதாரணப் பதிப்பில் 70. நீங்கள் ஓட்டுவது ஒரு 737; நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள், மீதி 124-ஐ என்ன செய்யப்போகிறீர்கள்? 'அப்பாவுக்குச் சாதாரணப் பதிப்பே போதும், மிச்சத்தில் கணினிக்கு ராம் போட்டுக் கொடுங்கள்' என்று மகள் சொன்னால் மாப்பிள்ளைக்கும் மனம் கோணாது. 16 ஜிபி இருந்தால் ஓடும் என்பார்கள், பரிந்துரைப்பது 32.

வாங்குவதற்கு முன் உங்கள் வீட்டு இணைய இணைப்பைச் சோதித்துவிட வேண்டும். பழையதற்கு 150 ஜிபி இடம் கேட்டார்கள். புதியதற்கு 50 ஜிபி போதும். காரணம், நிலக்காட்சி மட்டுமில்லாமல் விமானக் கோப்புகள்கூடப் பெரும்பாலும் நேரடியாக இணையத்திலிருந்தே வந்துகொண்டிருக்கும். அந்த ஏற்பாடு சறுக்கினால் என்ன ஆகும் என்பது 2024 நவம்பர் 19-ஆம் தேதி, வெளியீட்டு நாளிலேயே தெரிந்தது. உள்ளே நுழைய வரிசை. நுழைந்தவர்களுக்கு 97 சதவீதத்தில் நின்றுபோன ஏற்றம். இரண்டு லட்சம் பேர் வருவதுபோல் பாவித்து முன்கூட்டியே சோதித்திருந்தும் சர்வர்கள் திணறின. தயாரிப்பாளர்களே வீடியோவில் தோன்றி மன்னிப்புக் கேட்டார்கள். அன்று நீங்கள் உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷப்பட்டிருப்பீர்கள். இருக்கட்டும், நானும்தான். வீட்டில் சீராக 50 எம்பிபிஎஸ் வருகிறதா என்று ஒரு மாலைநேரத்தில், அக்கம்பக்கத்தார் எல்லாரும் சீரியல் பார்க்கும் வேளையில், அளந்து பாருங்கள். வரவில்லை என்றால் மாப்பிள்ளையிடம் ராம் மட்டும் கேளுங்கள். சந்தேகமாக இருந்தால் மைக்ரோசாஃப்டின் சந்தாத் திட்டமான கேம் பாஸில் ஒரு மாதச் சந்தா கட்டி ஓட்டிப் பார்த்துவிடலாம். அந்தப் பணத்தையும் மாப்பிள்ளையே கட்டட்டும், சபதம் காப்பாற்றப்படும்.

லட்ச ரூபாய் வீண் என்ற வருத்தம் கடிதம் முழுக்க இழையோடுகிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏபியு என்ற துணை இன்ஜினை உயிர்ப்பித்து, எரிபொருள் பம்புகளைப் போட்டு, குளிரூட்டும் பேக்குகளை அணைத்து, இரண்டாம் இன்ஜினின் ஸ்டார்ட் சுவிட்சைத் திருப்பி, இன்ஜின் சுழலும் வேகத்தைக் காட்டும் என்-2 முள் 25 சதவீதம் தொடும்வரை கண்ணெடுக்காமல் காத்திருந்து எரிபொருள் லீவரைத் தூக்குகிறீர்களே, அந்தப் பழக்கம் உங்கள் கையில் இருக்கிறது. எஃப்எஸ்எக்ஸிலிருந்து 2020-க்கு வந்தபோது கூடவே வந்ததுதானே அது. யோக்கும் பெடலும் புதியதிலும் வேலை செய்யும்.

பொத்தான்களை மட்டும் முதலிலிருந்து ஒவ்வொன்றாக ஒதுக்க வேண்டியிருக்கும். பழைய அமைப்பு தானாக வந்துவிடாது. அரை நாள் பிடிக்கிற, பொறுமையைச் சோதிக்கிற வேலை. மணிவிழாவன்று கழுத்து மாலையோடு அதில் உட்கார்ந்துவிடாதீர்கள். பக்கத்தில் உங்கள் வீட்டு அம்மாவும் மாலையோடுதான் நிற்பார்.