டிஸ்சார்ஜ் சம்மரியில் வெறும் ‘நெஃப்ரைட்டிஸ்’ என்று இருந்தால் என்ன கோடு போடுவது?

மருத்துவர் எழுதிய நோயை இன்சூரன்ஸ் கிளெய்முக்கும் புள்ளிவிவரத்துக்கும் உதவும் குறியீடாக மாற்றுவதுதான் மெடிக்கல் கோடிங். பெங்களூருவில் இந்த வேலைக்கு வரும் நம்மவர்களை நெஃப்ரைட்டிஸ், அதாவது சிறுநீரக அழற்சி, நன்றாகவே குழப்பும். ஏனென்றால் அது ஒரே நோய் அல்ல.

ரத்தத்தை வடிகட்டும் பகுதியில் அழற்சி என்றால், ஐசிடி-10 என்ற சர்வதேச நோய்க் குறியீட்டுப் பட்டியலில் என்00 (N00) முதல் என்08 வரை பார்க்க வேண்டும். கிருமித் தொற்றால் வரும் பைலோநெஃப்ரைட்டிஸ் வேறு இடம்: திடீரென வந்தது என்10, நாள்பட்டது என்11, எது என்று எழுதாவிட்டால் என்12. கிருமி தெரிந்தால் அதற்குத் தனிக் கோடு சேரும். உடலின் எதிர்ப்புச் சக்தியே உடலைத் தாக்கும் லூபஸ் நோயால் வந்ததா, கதையே வேறு, எம்32க்கு (M32) போய்விடும்.

வெறும் ‘நெஃப்ரைட்டிஸ்’ என்றால் என்05.9தான். அல்சூர் என்று ஏரியா பெயரை மட்டும் எழுதி, கிராஸும் (குறுக்குத் தெரு) வீட்டு எண்ணும் விட்டுப்போன முகவரி மாதிரி அது. அதை அப்படியே அனுப்புவதைவிட மருத்துவரிடம் எழுதிக் கேட்பது நல்லது. சிறுநீரில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் யூரின் கல்ச்சர் ரிப்போர்ட்டைப் பார்த்துக் கோடரே நோயை முடிவு செய்யக் கூடாது.

அப்புறம், ‘குறிப்பிடப்படாதது’ என்ற கோடு இருந்தால் நோய் லேசானது என்று பலர் நினைக்கிறார்கள். வகையை யாரும் எழுதவில்லை என்பது மட்டுமே அதன் பொருள்.