அறிவியல் ஆசிரியருக்கு அஞ்சலி – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

சென்ற மாதம் எங்கள் பள்ளியின் அறிவியல் ஆசிரியர் காலமானார். ஒன்பதாம் வகுப்பிலும் பத்தாம் வகுப்பிலும் அவரிடம் படித்தேன். பழைய மாணவர்கள் சேர்ந்து ஒரு நினைவு மலர் கொண்டுவருகிறார்கள். என்னையும் எழுதச் சொன்னார்கள். எழுதியதை இத்துடன் இணைத்திருக்கிறேன். படித்துப் பார்த்தால் எனக்கே நிறைவாக இல்லை. எளிமை, அர்ப்பணிப்பு, கண்டிப்பு, கனிவு என்று எல்லாச் சொற்களும் அதில் இருக்கின்றன, அவரைத்தான் காணோம்.

எனக்குத் தெளிவாக நினைவிருப்பது ஒரே ஒரு வகுப்பு. தட்டில் நீர் ஊற்றி, நடுவே ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி, அதன்மேல் கண்ணாடித் தம்ளரைக் கவிழ்த்தார். சுடர் அணைந்தது, தம்ளருக்குள் நீர் ஏறியது. ஏன் என்று கேட்டார். ஆக்சிஜன் எரிந்து தீர்ந்துவிட்டது, அந்த இடத்துக்கு நீர் வந்துவிட்டது என்று மனப்பாடம் செய்திருந்ததை எல்லோரும் ஒரே குரலில் சொன்னோம். அவர் ஒன்றும் பேசாமல் மூன்று மெழுகுவர்த்திகளை ஏற்றி அதே தம்ளரைக் கவிழ்த்தார். நீர் முன்னைவிட உயரமாக ஏறியது. "இப்போது தம்ளருக்குள் ஆக்சிஜன் கூடிவிட்டதா?" என்று கேட்டார். அதற்குள் மணி அடித்துவிட்டது. விடையை அவர் பிறகு சொன்னாரா என்பது நினைவில்லை.

நான் அறிவியல் படிக்கவில்லை. கணக்குத் தணிக்கை செய்கிறேன். அவரை ஒருமுறையாவது போய்ப் பார்க்க வேண்டும் என்று பல ஆண்டுகளாக எண்ணியிருந்தும் போகவில்லை. மலரில் எழுதுபவர்களில் மருத்துவர்களும் பொறியாளர்களும்தான் அதிகம். அவரைப் பற்றி எழுதும் தகுதி எனக்கு உண்டா என்று தயக்கமாக இருக்கிறது.

க.

அன்புள்ள க.,

உங்கள் ஆசிரியரின் மறைவுக்கு என் இரங்கலைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

இணைப்பில் இருந்த கட்டுரையையும் படித்தேன். நீங்கள் எழுத வேண்டிய அஞ்சலி அதில் இல்லை. கடிதத்தின் இரண்டாவது பத்தியில் இருக்கிறது. கட்டுரையில் உள்ள பெயரை எடுத்துவிட்டு வேறு எந்த நல்லாசிரியரின் பெயரைப் போட்டாலும் ஒரு வரியையும் மாற்ற வேண்டியிருக்காது. ஆனால் மூன்று மெழுகுவர்த்திகளை ஏற்றிவிட்டு, விடையைச் சொல்லாமல், மணியடித்ததும் வகுப்பைவிட்டு வெளியேறிய மனிதர் ஒருவர்தான். அந்தப் பத்தியை ஏன் கட்டுரையில் சேர்க்கவில்லை என்பதை என்னால் ஊகிக்க முடிகிறது. இறந்தவரைப் பற்றி எழுதும்போது பெரிய சொற்கள்தான் மரியாதை, சிறிய செய்திகள் மரியாதைக் குறைவு என்ற எண்ணம் நம் எல்லோரிடமும் இருக்கிறது. நினைவு மலர்களைப் புரட்டினால், ஒரே கட்டுரையைப் பத்துப் பேர் தனித்தனியே எழுதியதுபோல் தோன்றுவதற்கு இதுவே காரணம்.

முதலில் அந்தச் சோதனையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். விடை தெரியாமல் அதை எழுதினால், உங்கள் ஆசிரியர் ஏதோ வேடிக்கை காட்டினார் என்று படிப்பவர்கள் நினைத்துவிடுவார்கள்.

காற்றில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன் இருக்கிறது. தம்ளருக்குள் நீரும் ஏறக்குறைய அந்த அளவுக்கு ஏறிவிட்டால், ஆக்சிஜன் தீர்ந்த இடத்தைத்தான் நீர் நிரப்பியது என்ற விளக்கம் மிகவும் பொருத்தமாகத் தோன்றும். பல தலைமுறை மாணவர்கள் இதை எழுதி முழு மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறார்கள். ஆனால் மூடிய இடத்தில் எரியும் மெழுகுவர்த்தி, ஆக்சிஜன் முழுவதும் தீர்வதற்கு வெகு முன்பே அணைந்துவிடுகிறது; காற்றில் சுமார் 21 விழுக்காடாக இருக்கும் ஆக்சிஜன் 16 விழுக்காடு அளவுக்குக் குறையும்போதே சுடர் நிற்காது. தவிர, எரிந்த ஆக்சிஜன் சுவடில்லாமல் மறைந்துவிடுவதும் இல்லை; கார்பன் டை ஆக்சைடாகவும் நீராவியாகவும் உள்ளேயே இருக்கிறது. அந்த நீராவி குளிர்ந்து நீராகும்போது கன அளவு ஓரளவு குறையும் என்பது உண்மைதான். முக்கியமான காரணம் வேறு. சுடர் தன்னைச் சுற்றியுள்ள காற்றைச் சூடாக்கி விரிவடையச் செய்கிறது. தம்ளரைக் கவிழ்க்கும்போது நாம் அடைப்பது அந்தச் சூடான, விரிந்த காற்றைத்தான். அதிலும் ஒரு பகுதி விளிம்பின் வழியாகக் குமிழிகளாக வெளியேறுகிறது. சுடர் அணைந்ததும் எஞ்சிய காற்று குளிர்ந்து சுருங்க, உள்ளே அழுத்தம் குறைய, வெளியிலுள்ள காற்றின் அழுத்தம் நீரை உள்ளே தள்ளுகிறது. மூன்று மெழுகுவர்த்திகள் என்றால் சூடு அதிகம். வெளியேறும் காற்றும் அதிகம். நீரும் அதிக உயரம் ஏறும்.

நீங்கள் வீட்டில் இதைச் செய்து பார்க்கும்போது (செய்யாமல் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்) ஒன்றைக் கவனியுங்கள். சுடர் எரிந்துகொண்டிருக்கும் வரையில் நீர் அதிகம் அசையாது. அணைந்த பிறகுதான் விறுவிறுவென்று ஏறும். ஆக்சிஜன் எரிந்து குறையக் குறைய நீர் ஏறுகிறது என்றால், எரியும்போதே படிப்படியாக ஏறியிருக்க வேண்டும் அல்லவா? நாற்பது மாணவர்களின் கண்முன்னே அது நடந்திருக்கிறது; ஒருவரும் பார்க்கவில்லை. விடை முன்பே கையில் இருந்ததால் பார்க்க வேண்டிய தேவை யாருக்கும் ஏற்படவில்லை. உங்கள் ஆசிரியர் அதைத் திட்டிச் சொல்லவில்லை, அறிவுரையாகவும் சொல்லவில்லை. இன்னும் இரண்டு மெழுகுவர்த்திகளைச் சேர்த்து ஏற்றினார், அவ்வளவுதான். எனக்கு அந்த மனிதரைத் தெரியாது. ஆனாலும், மனப்பாடமான விடை ஒன்றை வகுப்பு முழுவதும் ஒரே குரலில் சொல்லும்போது அதை ஏற்றுக்கொண்டு பாடத்தை முடித்துவிடுவது எவ்வளவு எளிது என்பதையும், பாடத்திட்டத்தை முடிக்க வேண்டிய அவசரத்தில் அதைச் செய்யாமல் இருப்பது எவ்வளவு கடினம் என்பதையும் எண்ணிப் பார்த்தால், அவரிடம் எனக்குப் பெரும் மதிப்பு ஏற்படுகிறது.

அடுத்து, தகுதியைப் பற்றி. அறிவியல் ஆசிரியரின் வெற்றிக்குச் சான்றாக அறிவியலாளரான மாணவரைக் காட்டுவது வழக்கம். அதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டுகளும் உண்டு. இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன் உயர்நிலைப் பள்ளியில் படித்தபோது, அவருடைய இயற்பியல் ஆசிரியர் பேடர் ஒரு நாள் வகுப்பு முடிந்ததும் அவரை அழைத்து, நீ சலிப்படைந்திருப்பதாகத் தெரிகிறது, சுவையான ஒன்றைச் சொல்கிறேன் என்று சிறுமச் செயல் தத்துவத்தை விளக்கியிருக்கிறார். பந்து எறியப்பட்டால் அது செல்லக்கூடிய எண்ணற்ற பாதைகளுள் குறிப்பிட்ட ஒன்றில் மட்டும் ஏன் செல்கிறது என்பதை வேறொரு கோணத்திலிருந்து சொல்லும் தத்துவம் அது. 1942இல் ஃபைன்மன் எழுதிய முனைவர் பட்ட ஆய்வேடு, அதே தத்துவத்தை, அணு அளவிலான நுண்துகள்களின் இயக்கத்தை விளக்கும் குவாண்டம் இயக்கவியலுக்குக் கொண்டுசெல்வதைப் பற்றியது. 1965இல் நோபல் பரிசும் பெற்றார். வகுப்பில் ஓயாமல் பேசுகிறார் என்பதற்காக, அதே ஆசிரியர் அவரிடம் உயர்நிலை நுண்கணித நூல் ஒன்றைக் கொடுத்துப் பின் வரிசையில் உட்கார்ந்து படிக்கச் சொன்னார் என்பதும் ஃபைன்மனே சொன்ன செய்திதான்.

இந்தக் கதை எனக்கும் பிடிக்கும். ஆனால் இதை அளவுகோலாகக் கொள்வதில் ஒரு கோளாறு இருக்கிறது. பேடரின் வகுப்பில் ஃபைன்மனைத் தவிர மற்ற மாணவர்களும் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பிறகு இயற்பியல் பக்கமே போயிருக்க மாட்டார்கள். ஆண்டுக்கு 200 மாணவர்கள் என்று வைத்துக்கொண்டால், 30 ஆண்டுப் பணியில் 6,000 பேர் ஒரு பள்ளி ஆசிரியரிடம் படித்துவிட்டுப் போகிறார்கள். அவர்களுள் அறிவியலை வாழ்க்கையாகக் கொள்பவர்கள் கைவிரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருப்பார்கள். மற்றவர்களுக்கு அவர் செலவிட்ட உழைப்பெல்லாம் வீண் என்று கருதினால், பள்ளியில் எல்லோருக்கும் அறிவியல் கற்பிப்பதற்கே பொருளில்லாமல் போய்விடும்.

உங்கள் தொழிலையே எடுத்துக்கொள்ளுங்கள். கணக்குகள் ஒத்துப்போகின்றன, காட்டப்பட்ட விளக்கமும் பொருத்தமாக இருக்கிறது, எல்லோரும் அதையே சொல்கிறார்கள். ஆனாலும் இந்த விளக்கம் சரியென்றால் வேறோர் இடத்தில் இன்னொன்றும் தென்பட வேண்டுமே என்று தேடிப் பார்ப்பதுதான் தணிக்கையாளரின் வேலை. மூன்று மெழுகுவர்த்திகளைக் கொண்டு உங்கள் ஆசிரியர் செய்ததும் அதுதான். அவரிடமிருந்துதான் நீங்கள் இதைக் கற்றீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அப்படியெல்லாம் நேர்க்கோடு போட முடியாது. ஆனால் இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் உங்கள் நினைவில் தங்கியிருப்பது வேறெந்த வகுப்பும் அல்ல, அந்த வகுப்புதான் என்பது தற்செயலாகவும் எனக்குத் தோன்றவில்லை.

என் பள்ளிக் காலத்து அறிவியல் ஆசிரியரைப் பற்றியும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. செய்முறைக் குறிப்பேட்டில் அழிப்பானைப் பயன்படுத்த அவர் அனுமதித்ததே இல்லை. தனி ஊசலின் அலைவு நேரத்தை அளக்கும்போது ஒரு மதிப்பு மட்டும் மற்றவற்றோடு பொருந்தாமல் துருத்திக்கொண்டு நின்றால், அதன்மேல் ஒற்றைக் கோடு போட வேண்டும்; கீழே இருக்கும் எண் படிக்கும்படி தெரிய வேண்டும்; பக்கத்தில் காரணத்தை எழுத வேண்டும். காரணம் தெரியாவிட்டால் 'காரணம் தெரியவில்லை' என்றே எழுத வேண்டும். அப்படி எழுதியதற்காக அவர் மதிப்பெண் குறைத்ததில்லை. எல்லா மதிப்புகளும் அழகாக ஒத்துப்போன குறிப்பேடுகளைத்தான் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு இருமுறை பார்ப்பார்.

ஆசிரியர்களின் வேலை எப்படி நிலைக்கிறது என்று யோசித்திருக்கிறேன். ஆங்கிலேய அறிவியலாளர் மைக்கேல் ஃபாரடே 1860ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கி இளைஞர்களுக்காக மெழுகுவர்த்தியைப் பற்றி நிகழ்த்திய கிறிஸ்துமஸ் விரிவுரைகளை இன்றும் நாம் படிக்கிறோம். அவர் பேசப் பேசச் சுருக்கெழுத்தில் எடுக்கப்பட்டதை வேதியியலாளர் வில்லியம் க்ரூக்ஸ் பதிப்பித்து 1861இல் வெளியிட்டதால் அது வாய்த்தது. அந்த ஃபாரடேயே புத்தகம் கட்டும் தொழிலைப் பழகிக்கொண்டிருந்தபோது, 1812இல் வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவியின் விரிவுரைகளைக் கேட்டுக் குறிப்பெடுத்து, அவற்றைத் தன் கையாலேயே நூலாகக் கட்டி டேவிக்கு அனுப்பியவர். ஃபைன்மனின் விரிவுரைகளும் ஒலிப்பதிவு செய்யப்பட்டு, சக பேராசிரியர்களால் செப்பனிடப்பட்டு நூலாயின. பள்ளி ஆசிரியருக்கு இந்த வாய்ப்பு எதுவும் இல்லை. அவர் வகுப்பில் சொன்னதையும் செய்ததையும் யாரும் பதிவு செய்வதில்லை. கரும்பலகையில் எழுதியதை அடுத்த பாடவேளையில் இன்னொருவர் வந்து அழித்துவிடுகிறார். இருப்பதெல்லாம் மாணவர்களின் நினைவு. அதுவும் ஆண்டுகள் செல்லச் செல்ல 'எளிமையானவர், கண்டிப்பானவர்' என்று தேய்ந்துவிடுகிறது. ஆகையால் நினைவு மலர் என்பது துக்கத்தைத் தெரிவிக்கும் இடம் மட்டும் அல்ல என்று நினைக்கிறேன். அந்த வகுப்பறைகளைப் பற்றி எஞ்சப்போகும் ஒரே ஆவணமும் அதுவாகவே இருக்கக்கூடும்.

எனவே மலரைத் தொகுப்பவர்களிடம் பேசுங்கள். ஒவ்வொருவரும் தமக்கு நினைவிருக்கும் ஒரு வகுப்பையாவது, என்ன பொருள் மேசையில் இருந்தது, அவர் என்ன கேட்டார், யார் என்ன பதில் சொன்னார்கள் என்பதுவரை எழுதட்டும். அன்று உங்களோடு அமர்ந்திருந்த ஒருவர், மெழுகுவர்த்திகள் மூன்று அல்ல, இரண்டுதான் என்று சொன்னால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆசிரியருக்குக் கோபம் வரும் என்றால் கோபத்தையும் எழுதுங்கள். இறந்துவிட்டார் என்பதற்காக அவரைப் புன்னகை மாறாதவராக ஆக்கிவிட வேண்டாம். யார் யார் மருத்துவரானார்கள் என்ற பட்டியல் மலரில் எப்படியும் வந்துவிடும். அதைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை.

போய்ப் பார்க்கவில்லை என்ற வருத்தத்துக்கு என்னிடம் மருந்தில்லை. ஒருவேளை போயிருந்தாலும் 6,000 பேரில் உங்களை அவருக்கு அடையாளம் தெரிந்திருக்குமா என்பது ஐயம்தான். அந்தச் சோதனையைச் சொல்லியிருந்தால் மகிழ்ந்திருப்பார் என்பதில் எனக்கு ஐயமில்லை. கட்டுரையை அச்சுக்குக் கொடுக்கும் முன் அவருடைய வீட்டாருக்கு ஒரு படி அனுப்புங்கள். கணவராகவோ தந்தையாகவோ அவர்கள் அவரை நன்றாக அறிந்திருப்பார்கள். ஆனால் வகுப்பில் அவர் எப்படி இருந்தார் என்பதை அவர்கள் ஒருநாளும் பார்த்திருக்க வாய்ப்பில்லை. உங்களுக்கெல்லாம் மட்டுமே தெரிந்த அந்த மனிதரைப் பற்றிக் கேட்க அவர்கள் விரும்பக்கூடும்.

அன்புடன்.