பத்திரம் வங்கியில் இருக்கிறதாம்! – கட்டடக் காப்புறுதிக் கேள்வி-பதில்

மழைக்குப் பிறகு எனக்குக் கடிதம் கூடும். இந்த முறையும் கூடிவிட்டது. வழக்கம்போலப் பாதிப்பேர் காப்புறுதிப் பத்திரத்தின் கொப்பியை இணைக்கவில்லை. "பத்திரம் வங்கியில் இருக்கிறது" என்று ஒரு வரி மட்டும். பத்திரத்தைப் பார்க்காமல் பலன் சொல்ல நான் சாத்திரி இல்லை. இருந்தாலும் முடிந்தவரை சொல்கிறேன்.

கிளிநொச்சியில் எங்கள் கடைத்தொகுதியின் கீழ்த்தளத்துக்குள் டித்வா புயல் நேரம் வெள்ளம் புகுந்துவிட்டது. தீக் காப்புறுதி இருக்கிறது. கிடைக்குமா?

பத்திரத்தில் 'வெள்ளம்' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். அடிப்படைத் தீக் காப்புறுதி நெருப்புக்கும் மின்னலுக்கும்தான். புயல், வெள்ளம் எல்லாம் மேலதிகக் காசு கட்டிச் சேர்ப்பவை. சேர்த்திருந்தால், இழப்பில் ஒரு பங்கை, பெரும்பாலும் 10 சதவீதம் போல, நீங்கள் தாங்க வேண்டும். சேர்க்காவிட்டால் ஒன்றும் இல்லை. 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவு திறந்தபோதும் இதே கேள்வி, இதே பதில்.

வாடகைக்கு இருப்பவரின் துணிக்கடைச் சரக்கு எரிந்தால் எங்கள் கட்டடக் காப்புறுதி கொடுக்குமா?

கொடுக்காது. கட்டடம் உங்களுடையது, சரக்கு அவருடையது. 2016 செப்டெம்பரில் கிளிநொச்சிப் பொதுச் சந்தை எரிந்ததை மறந்துவிட்டீர்களா? சரக்குக்கு அவர் தனியாக எடுக்க வேண்டும் என்று வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வரி போடுங்கள்.

பரந்தனில் எங்கள் குடும்பக் கம்பனிக்கு இரண்டுமாடிக் கட்டடம் இருக்கிறது. மேல்மாடி தீப்பிடித்து 60 இலட்சம் ரூபாய் இழப்பு. 2 கோடிக்குக் காப்புறுதி செய்திருக்கிறோம். காப்புறுதிக் கம்பனி 24 இலட்சம்தான் தருமாம். இது பகற்கொள்ளை இல்லையா?

இல்லை. கணக்கு. கோபப்படாமல் வாசியுங்கள்.

2 கோடி என்ற தொகை எங்கிருந்து வந்தது? நீங்கள் எழுதவில்லை, ஆனால் எனக்குத் தெரியும். அது உங்கள் வங்கிக் கடன். கடன் எடுத்த அன்று வங்கி காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்தீர்கள், பத்திரத்தை வங்கியே வைத்துக்கொண்டது, வருடா வருடம் காப்புறுதிக் கட்டுப்பணம் கணக்கிலிருந்து போனது. வங்கிக்குத் தன் கடன் பாதுகாப்பாக இருந்தால் போதும். உங்கள் கட்டடத்தைத் திரும்பக் கட்ட எவ்வளவு வேண்டும் என்பது வங்கியின் கவலை இல்லை. அது உங்கள் கவலையாக இருந்திருக்க வேண்டும்.

அந்தக் கட்டடத்தை இன்று அத்திவாரத்திலிருந்து கட்ட 5 கோடி வேண்டும் என்று மதிப்பீட்டாளர் எழுதியிருப்பார். 5க்கு 2 காப்புறுதி செய்திருக்கிறீர்கள் என்றால், மிச்சம் 3 பங்குக்கு நீங்களே காப்புறுதிக்காரர். ஆகவே 60 இலட்சத்தில் ஐந்தில் இரண்டு, 24 இலட்சம். 'இழப்பு 2 கோடிக்குள்தானே வருகிறது' என்ற வாதம் செல்லாது. சிறிய இழப்புக்கும் இதே விகிதம்தான். சராசரி விதி என்று பத்திரத்தின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும்.

இன்னும் இருக்கிறது. அந்த 24 இலட்சமும் முதலில் உங்கள் கைக்கு வராது. ஈடு வைத்த வங்கியின் பெயர் பத்திரத்தில் இருப்பதால் காசோலை பெரும்பாலும் அங்கேதான் போகும். திருத்த வேலைக்கு விடச் சொல்லி இப்போதே வங்கி முகாமையாளருக்கு எழுத்தில் கொடுங்கள். மேல்மாடி வாடகை நின்றிருக்கும், கடன் தவணை நிற்காது. 'வாடகை இழப்பு' என்று தனிப் பிரிவு ஒன்று சேர்க்கலாம், சொற்பக் காசு. அதையும் எடுத்திருக்க மாட்டீர்கள்.

2021இல் ஒரு பக்கெற் சீமெந்து ஆயிரம் ரூபாய்ச் சொச்சம். அடுத்த வருடமே மூவாயிரத்தைத் தாண்டியது. கம்பி, ஓடு, வயர், மேசன் கூலி எல்லாம் கூடவே ஏறின. 2019இல் போட்ட தொகையை அப்படியே புதுப்பித்துக்கொண்டு வருகிறவர்கள் ஓமந்தையிலிருந்து ஆனையிறவு வரை இருக்கிறார்கள். நான் மதிப்பீட்டுக்குப் போன காலத்தில் எரிந்த கட்டடத்தின் முன் நின்று "தம்பி, முழுக் காசும் வரும்தானே?" என்று கேட்ட ஐயாமாருக்கு இந்தக் கணக்கைச் சொல்வதுதான் எனக்கு மிகக் கஷ்டமான வேலை. இதை மறுபக்கம் பிழைவிடுகிறவர்களும் உண்டு. ஏ-9 வீதிக் காணியின் விலையையும் சேர்த்துக் காப்புறுதி செய்துவிட்டு அதற்கும் காசு கட்டுவார்கள். காணி எரியாது ஐயா. கட்டடம், இடிபாடு அகற்றும் செலவு, வரைபடக்காரர் கூலி, இவ்வளவும் போதும். பட்டயக் கணிய அளவையாளர் (கட்டடச் செலவைக் கணக்கிடுபவர்) ஒருவரைப் பிடித்து மூன்று வருடத்துக்கு ஒருமுறையாவது மதிப்பிடுங்கள். வங்கியிடம் கொப்பி வாங்குங்கள்.

வங்கிக் கிளை ஒன்றுக்குக் கட்டடம் கொடுத்திருக்கிறோம். வாடகையில் 10 சதவீதம் பிடிக்கிறார்கள்.

சட்டப்படிதான். 2023 ஜனவரியிலிருந்து மாதம் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட வாடகைக்குப் பிடித்துவைத்தல் வரி. சான்றிதழை வாங்கி வையுங்கள், வருட வருமான வரியில் கழியும். வாங்காதவருக்கு அந்தக் காசு போனதுதான்.

'கலவரம், வேலைநிறுத்தம், பயங்கரவாதம்' என்று தனியே ஒரு தொகை எடுக்கிறார்கள். சண்டை முடிந்து இவ்வளவு வருடமாயிற்று. வெட்டிவிடலாமா?

2022 மே 9 இரவுக் கலவரத்தில் நாடு முழுக்க என்ன எரிந்தது என்று நினைவிருக்கிறதா? வெட்டாதீர்கள். அந்தக் காசு தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்துக்குப் போகிறது. போர் மட்டும் இதற்குள் வராது.

நெடுங்கேணிப் பக்கம் நெல் களஞ்சியம் வாடகைக்கு விட்டிருக்கிறோம். யானை சுவரை இடித்துவிட்டது.

பழைய ஆங்கில வாசகத்தை மாற்றாமல் வைத்திருக்கும் பத்திரங்களில் 'மோதல் சேதம்' என்றால் வாகனம், குதிரை, மாடு. நெடுங்கேணியில் கடைசியாகக் குதிரை கண்டவர் யார்? உங்கள் பத்திரத்தில் 'விலங்குகள்' என்று பொதுவாக இருந்தால் கேட்கலாம். இல்லாவிட்டால் புதுப்பிக்கும்போது யானையை எழுத்தில் சேர்க்கச் சொல்லுங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம். இப்போதைக்குக் கிராம அலுவலரிடம் கடிதம் எடுத்து வனசீவராசிகள் திணைக்களத்துக்குக் கொடுங்கள். சுவரைத் திருத்துவதற்கு முன் படம் எடுங்கள்.

நான் ரொறன்ரோவில். புதுக்குடியிருப்புக் கட்டடம் எட்டு மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது. காப்புறுதி ஒழுங்காகக் கட்டுகிறேன். பயமில்லைத்தானே?

இருக்கிறது. 30 நாளுக்கு மேல் ஆளில்லாமல் கிடந்தால் பல பத்திரங்கள் செயலிழந்துவிடும், கம்பனிக்கு அறிவித்து ஒப்புதல் எடுத்திருந்தால் தவிர. பின்பக்கத்தை வாசியுங்கள். பத்திரம் எங்கே என்றும் நீங்கள் எழுதவில்லை. வங்கியிலா?

ஐந்து வருட வாடகை ஒப்பந்தத்தை முத்திரை ஒட்டி, இரண்டு சாட்சி வைத்து எழுதினோம். போதாதா?

போதாது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன் எழுதப்பட வேண்டும். சட்டம் 1840ஆம் ஆண்டினது. எழுதியபின் காணிப் பதிவகத்தில் பதியுங்கள்.

மாங்குளத்தில் பேர்மிட் காணியில் (அரசு அனுமதிப்பத்திரம் தந்த காணி) ஆறு கடை கட்டினோம். வாடகைக்கு விட்டு, அதைக் காட்டிக் கடன் எடுக்கலாமா?

கட்டுவதற்கு முன் கேட்டிருக்கலாம். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் பேர்மிட் என்றால் அனுமதியில்லாமல் குத்தகைக்கோ ஈட்டுக்கோ கொடுக்க முடியாது. கொடுத்தால் அந்த எழுத்து செல்லாது, பேர்மிட்டையே இழக்கும் ஆபத்தும் உண்டு. காப்புறுதிக் கம்பனியும் கோரிக்கை வரும் நாளில்தான் உரித்துப் பத்திரம் கேட்கும். பிரதேச செயலகக் காணிப் பகுதிக்கு இந்தக் கிழமையே போங்கள்.

கடன் பிரைவேட் லிமிட்டெட் கம்பனியின் பெயரில். நாங்கள் இயக்குநர்கள் மட்டும். வீட்டுக்கு ஆபத்து இல்லைத்தானே?

தனிப்பட்ட உத்தரவாதத்தில் கையெழுத்து வைத்தீர்களா? வைத்திருப்பீர்கள். வைக்காமல் வவுனியாவில் எந்த வங்கி கொடுக்கும்? அப்படியென்றால் லிமிட்டெட் என்ற சொல் உங்களைக் காக்காது. ஈடு வைத்த கட்டடத்தை நீதிமன்றம் போகாமலே ஏலம்விட 1990ஆம் ஆண்டுச் சட்டம் வங்கிகளுக்கு அதிகாரம் கொடுக்கிறது, பராட்டே என்பது இதுதான். 2024இல் அதை இடைநிறுத்தியது தற்காலிகமாகத்தான், அதை நம்பி இருந்துவிடாதீர்கள். இடைநிறுத்தம் கடனைக் கழிக்காது, வட்டி ஓடிக்கொண்டே இருக்கும்.

கட்டடக் காவலாளிக்கு ஈபீஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) கட்ட வேண்டுமா? ஒரே ஆள்தான்.

ஒரே ஆளானாலும் கட்ட வேண்டும். சம்பளத்தில் உங்கள் பங்கு 12 சதவீதம், அவர் பங்கு 8, ஈரீஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3. வேலையாள் விபத்துக் காப்புறுதியும் சேர்த்து எடுங்கள், அந்தப் பத்திரத்தையாவது வீட்டில் வையுங்கள்.