தொய்ந்த கூரைக்கு எந்தப் பணத்தை எடுப்பது?

கேள்வி: வீட்டை ஒட்டியுள்ள எங்கள் கராஜின் மரக்கூரை நடுவில் தொய்ந்திருக்கிறது. வந்து பார்த்த ஒருவர், கைமரங்களோடு (முகட்டிலிருந்து சுவருக்குச் சரிவாக இறங்கும் மரங்கள்) புது மரம் சேர்த்து, எதிரெதிர்க் கைமரங்களை இணைக்கும் குறுக்குச் சட்டம் கொடுத்தால் போதும் என்கிறார். அதற்கு எங்கள் இரண்டு மாத வீட்டுச் செலவு அளவுக்கு ஆகும். இன்னொருவர் மொத்தமாகப் பிரித்துப் புதிதாகப் போடச் சொல்கிறார். அது ஆறு மாதச் செலவு. அவசரத்துக்கென்று நாங்கள் சேர்த்து வைத்திருப்பதும் ஆறு மாதச் செலவுக்கான பணம்தான். அதை எடுக்கலாமா, கடன் வாங்கலாமா, இரண்டு வருடம் தள்ளிப்போடலாமா?

பதில்: முதலில் ஒரு நூல்கண்டை எடுத்துக்கொண்டு கராஜுக்குள் போங்கள். முகட்டு வளையின், அதாவது கூரை உச்சியில் நீளவாக்கில் ஓடும் மரத்தின், இரு முனைகளிலும், அதன் அடிவிளிம்பிலிருந்து ஒரே உயரத்தில், பக்கவாட்டில் ஆணி அடித்து நூலை விறைப்பாக இழுத்துக் கட்டுங்கள். முனையில் நூலுக்கும் அடிவிளிம்புக்கும் உள்ள இடைவெளியையும், நடுவில் உள்ள இடைவெளியையும் அளந்து பாருங்கள். வித்தியாசம்தான் தொய்வு. அந்த எண்ணையும் தேதியையும் மரத்திலேயே பென்சிலால் எழுதி வையுங்கள். மாதம் ஒருமுறை அளக்கலாம். நீண்டகாலச் சுமையில் மரம் மெல்ல வளைந்து அப்படியே நின்றுவிடுவதும் உண்டு. நின்றுபோன தொய்வு வேறு, இறங்கிக்கொண்டே இருக்கும் தொய்வு வேறு. முன்னதற்கு நிதானமாகப் பணம் சேர்க்கலாம். பின்னதற்குத் தள்ளிப்போடும் பேச்சே வேண்டாம்.

ஒரு விதிவிலக்கு: கைமரத்தில் விரிசல் தெரிந்தாலோ, சுவரின் மேல்பகுதி வெளிப்பக்கம் சாய்ந்திருந்தாலோ அளந்துகொண்டு காத்திருக்காதீர்கள். காரை வெளியே எடுங்கள், பரணில் ஏற்றி வைத்த சாமான்களை ஆள் வைத்து இறக்குங்கள், அன்றே முட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். பரணைக் காலி செய்வது எந்த நிலையிலும் நல்லது. பெரிய செலவில்லாத பழுதுபார்ப்பு அது ஒன்றுதான்.

அடுத்து, இரண்டு மதிப்பீட்டையும் ஓரமாக வைத்துவிட்டு, வேலை எடுக்கப்போகாத ஒரு கட்டமைப்புப் பொறியாளரை வரவழைத்துக் காரணத்தை எழுதி வாங்குங்கள். சரிவான கூரையில் கைமரங்கள் இரண்டு பக்கச் சுவரையும் வெளியே தள்ளப் பார்க்கும். குறுக்குச் சட்டம்தான் அதை இழுத்துப் பிடிக்கிறது. தலை இடிக்கிறது என்று யாரோ எப்போதோ அதை அறுத்திருப்பார்கள். அதுதான் காரணமென்றால் முதல் ஆள் சொன்னது சரியாக இருக்க வாய்ப்பு அதிகம். கரையானோ ஒழுகலால் வந்த உளுப்போ பரவலாக இருந்தால் இரண்டாமவர் பக்கம் நியாயம் இருக்கிறது. இரண்டு பேர் சொல்லும் தொகைக்கும் இடையே மூன்று மடங்கு வித்தியாசம் இருக்கும்போது, பொறியாளர் கட்டணத்தை நான் செலவாகவே எண்ணமாட்டேன்.

பொறியாளரிடம் கொஞ்சம் கணக்கும் பேசுங்கள். கைமரத்தோடு அதே அளவு மரத்தைச் சேர்த்து இறுக்கினால் வளைவு ஏறக்குறைய பாதியாகக் குறையும். அதே அகலத்தில் இருமடங்கு ஆழமுள்ள மரம் போட்டால் எட்டில் ஒரு பங்காகிவிடும். நடுவில் ஒரு தாங்கல் கொடுத்து நீளத்தைப் பாதியாக்கினால் பதினாறில் ஒரு பங்கு. ஆக, எவ்வளவு மரம் போகிறது என்பதைவிட அது எங்கே, எப்படிப் போகிறது என்பதுதான் உங்கள் பணத்துக்குப் பெறுமானம் தரும். கூரையை முழுக்க நிமிர்த்தியே ஆக வேண்டும் என்ற ஆசையையும் விடுங்கள். பல வருடம் வளைந்த மரத்தை ஜாக்கி வைத்து நாளுக்குச் சில மில்லிமீட்டராகத்தான் தூக்க வேண்டும், நாள்கூலி ஏறும். தொய்வு மேலும் இறங்காமல் நிறுத்திவிட்டால் கராஜுக்கு அது போதும். ஒரே நாளில் நேராக்கித் தருகிறேன் என்பவரிடம் நான் வேலை கொடுக்கமாட்டேன்.

இனி பணம். பொறியாளர் பலப்படுத்தினால் போதும் என்றால், அவசர நிதியிலிருந்தே எடுங்கள். தலைக்கு மேல் கூரை இறங்குவதும் அவசரம்தானே. இரண்டு மாதச் செலவை எடுத்தாலும் நான்கு மாதச் செலவு கையில் நிற்கும். பழைய பலகையைப் பிரித்தால் உள்ளே என்ன இருக்குமோ தெரியாது, ஆகவே மதிப்பீட்டின்மேல் 20% கூட்டி வைத்துக்கொள்ளுங்கள். அது முழுக்கச் செலவானாலும் மூன்றரை மாதத்துக்குக் குறையாது. எடுத்ததைப் பத்துப் பன்னிரண்டு தவணையாகத் திரும்பப் போடுங்கள், வங்கிக்குக் கட்டுவதுபோலத் தேதி வைத்து.

மொத்தமும் மாற்ற வேண்டும் என்றால் அந்த நிதியைத் துடைத்து எடுக்காதீர்கள். அடுத்த மாதம் வேலை போனால் அந்தக் கூரையை விற்றுச் சாப்பிட முடியாது. பாதியைக் கடனாக வாங்கலாம். வருடம் 12% வட்டியில் 24 மாதத் தவணை என்றால், வாங்கிய ஒவ்வொரு நூறுக்கும் மொத்தம் ஏறத்தாழ 113 கட்டுவீர்கள். தாங்கக்கூடியதுதான். ஆனால் கிரெடிட் கார்டில் மாதம் 3% என்று ஓடவிட்டால் அதே 24 மாதத்தில் நூறு இருநூற்றைத் தாண்டிவிடும். அந்தப் பக்கம் போகாதீர்கள்.

காப்பீடு இருந்தால் பத்திரத்தைப் படியுங்கள், ஆனால் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். புயலில் மரம் விழுந்தது போன்ற திடீர்ச் சேதத்துக்குத்தான் வழக்கமாகக் கொடுப்பார்கள். உளுப்பு, கரையான், நாள்பட்ட தேய்மானம் எல்லாம் விலக்குப் பட்டியலில் இருக்கும். தெரிந்தே விட்டுவைத்த பழுது என்று பிறகு வேறு கோரிக்கையையும் தட்டிவிட வாய்ப்பு உண்டு. வேலை தொடங்குமுன் தேதியோடு படம் எடுத்து வையுங்கள்.

வேலைக்காரருக்கு முழுப் பணத்தையும் முன்கூட்டித் தராதீர்கள். மரம் வந்து இறங்கியதும் ஒரு பங்கு, சட்டம் ஏறியதும் ஒரு பங்கு என்று கொடுத்து, கடைசிப் பத்து சதவீதத்தைப் பிடித்து வையுங்கள். முட்டுக் கொடுத்த மரங்களை எடுத்து ஒரு மாதம் கழித்து அதே ஆணியில் அதே நூலைக் கட்டி அளந்து, எண் மாறவில்லை என்றால் அதையும் கொடுத்துவிடலாம். இந்த நிபந்தனையை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள், பிறகு சண்டை வராது.