மகளின் கெல்டிக் படிப்பு அல்ல, அண்ணனுக்கு அனுப்பும் கார்டுப் பணம்தான் பிரச்சினை

கேள்வி: வேல்ஸில் உள்ள சுவான்சியில் பதினாறு வருடங்களாக வசிக்கிறோம். எங்களுக்கு பிரிட்டிஷ் குடியுரிமை இருக்கிறது. மனைவி நர்ஸ், நான் ஒரு கிடங்கில் வேலை செய்கிறேன். இருவர் சம்பளமும் சேர்ந்து வருடத்துக்கு 54,000 பவுண்டு, கைக்கு வருவது மாதம் 3,600. ஒரே மகள். வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தது என்பதால் வெல்ஷ் மொழிவழிப் பள்ளியில் சேர்த்தோம். இப்போது அபெரிஸ்ட்வித் பல்கலைக்கழகத்தில் வெல்ஷ், கெல்டிக் மொழிகள் (வெல்ஷும் ஐரிஷும் சேர்ந்த மொழிக் குடும்பம்), வரலாறு, பண்பாடு படிக்கப் போகிறேன் என்று பிடிவாதமாக நிற்கிறாள். அக்கவுண்டிங் படி என்றால் கேட்பதில்லை. அவள் கடனாளியாக வேண்டாம் என்று வீட்டை ரீமார்ட்கேஜ் செய்து, அதாவது வீட்டின் மேல் கூடுதல் கடன் வாங்கி, மூன்று வருட ஃபீஸையும் நானே கட்டிவிடலாமா? நண்பர் ஒருவர், கார்டிஃபில் மாணவர் விடுதி அறை ஒன்றை வாங்கினால் 8 சதவீத வாடகை உறுதி, அதிலேயே ஃபீஸ் கட்டலாம் என்கிறார். கும்பகோணத்தில் அண்ணன் மகன் தனியார் கல்லூரியில் இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு முடிக்கிறான். செமஸ்டருக்கு 1,500 பவுண்டு நான்தான் கிரெடிட் கார்டிலிருந்து அனுப்புகிறேன். கார்டுகளில் 9,000 பவுண்டு கடன் நிற்கிறது, மாதம் 280 கட்டி வருகிறேன். ஒரு கார்டு பற்றி மனைவிக்குத் தெரியாது. எல்லாச் செலவும் போக 250 மிஞ்சுகிறது. மகளின் எதிர்காலத்தை நினைத்தால் தூக்கம் வரவில்லை.

பதில்:

நீங்கள் தூக்கத்தைத் தொலைத்திருப்பது தவறான இடத்தில். கடிதத்தில் போகிற போக்கில் எழுதிய இரண்டு வரிகள்தான் உங்கள் வீட்டின் உண்மையான பிரச்சினை. மகளின் படிப்புக்குப் பிறகு வருகிறேன், முதலில் கார்டைப் பார்ப்போம்.

வட்டி எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. பிரிட்டனில் கார்டு வட்டி பொதுவாக இருக்கும் அளவை வைத்து 25 சதவீதம் என்று எடுத்துக்கொள்கிறேன். 9,000-க்கு வருடம் 2,250, அதாவது மாதம் 187. நீங்கள் கட்டும் 280-இல் அசலுக்குப் போவது 93 பவுண்டுதான். வருடம் முழுவதும் தவறாமல் கட்டினாலும் அசலில் 1,100 சொச்சம் குறையும். அதே வருடத்தில் ஜூனில் ஒன்று, டிசம்பரில் ஒன்று என்று அண்ணனுக்கு 3,000 பவுண்டு அதே கார்டில் ஏறுகிறது. ஆக, வருடத்துக்கு ஏறக்குறைய 1,900 பவுண்டு கடன் கூடிக்கொண்டே போகிறது. கார்டிலிருந்து நேரடியாகப் பணம் அனுப்பினால் பெரும்பாலான வங்கிகள் அதை ரொக்கம் எடுத்ததாகவே கணக்கில் வைக்கும். அதற்குத் தனிக் கட்டணம் உண்டு, வட்டியும் முதல் நாளிலிருந்தே ஓடும். உங்கள் ஸ்டேட்மென்ட்டை எடுத்து அந்த வரியைப் பாருங்கள்.

அண்ணனுக்கு உதவுவதை நான் குறை சொல்லவில்லை. நம்மை ஆளாக்கியவர்களுக்குச் செய்வது கடமை என்று நினைக்கும் மனதை மதிக்கிறேன். ஆனால் உங்களிடம் இல்லாத பணத்தை 25 சதவீத வட்டிக்கு வாங்கிக் கொடுப்பதற்கு உதவி என்று பெயர் இல்லை. அந்தப் பையனுக்கு இன்னும் நான்கு செமஸ்டர் இருக்கிறது. நம் ரூபாய்க் கணக்கில் சுமார் ஏழு லட்சம். இந்திய வங்கிகளில் ஏழரை லட்சம் வரை சொத்து அடமானம் இல்லாமல் கல்விக் கடன் வாங்க வழி இருக்கிறது. வித்யாலட்சுமி தளத்தில் விண்ணப்பிக்கலாம். படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணை கட்ட வேண்டியதில்லை. குடும்ப வருமானம் குறைவு என்றால் வட்டி மானியமும் உண்டு. வட்டி உங்கள் கார்டில் பாதிகூட வராது. கடனை அடைக்கப் போவது சம்பாதிக்கப் போகும் அந்தப் பையன். இதை அண்ணனிடம் இந்த வாரமே பேசுங்கள். டிசம்பர் ஃபீஸ் கட்டும் தேதிக்கு முந்தின நாள் சொன்னால் நியாயமாக இருக்காது, அவருக்கும் ஏற்பாடு செய்ய நேரம் வேண்டும்.

அதற்கும் முன்னால், இன்று ராத்திரியே அந்த இன்னொரு கார்டைப் பற்றி மனைவியிடம் சொல்லிவிடுங்கள். அவர் இரவு ஷிப்ட் பார்த்துச் சம்பாதிக்கும் பணத்தில்தான் அந்த வட்டி போகிறது.

அண்ணனுக்கு அனுப்புவது நின்றால் 280-உம் மிஞ்சும் 250-உம் சேர்ந்து மாதம் 530 கட்ட முடியும். இதே வட்டியில் ஏறக்குறைய 21 மாதத்தில் 9,000-உம் தீர்ந்துவிடும். பழைய கார்டுக் கடனை மாற்றிக்கொள்ள உதவும் பூஜ்ய வட்டி பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர் கார்டு கிடைத்தால், 3 சதவீதம் கட்டணம் போனால்கூடப் பதினெட்டு மாதத்தில் முடிந்துவிடும். கிடைக்காவிட்டால் ஸ்டெப்சேஞ்ச் என்ற கடன் ஆலோசனை அறக்கட்டளையிடம் பேசுங்கள், இலவசம். பணம் கேட்டுக் கடன் தீர்க்கும் கம்பெனிகள் பக்கம் போகாதீர்கள்.

இனி ரீமார்ட்கேஜ். ஃபீஸ் வருடம் 9,500 அளவில், மூன்று வருடத்துக்கு 28,500. அதை 5 சதவீதத்தில் 20 வருடத்துக்கு வீட்டின் மேல் ஏற்றினால் மாதம் 188 பவுண்டு. கடைசியில் கட்டி முடிக்கும் தொகை 45,000. வேலை போனாலும், உடம்புக்கு முடியாவிட்டாலும் அந்த 188 வந்து நிற்கும், கட்டாவிட்டால் வீட்டுக்கே ஆபத்து.

அரசு தரும் மாணவர் கடன் அப்படி இல்லை. வேல்ஸ் மாணவர்களுக்கு இப்போது இருக்கும் விதிப்படி, சம்பளம் ஏறக்குறைய 29,000 பவுண்டைத் தாண்டினால்தான் பிடித்தமே. தாண்டிய தொகையில் 9 சதவீதம். உங்கள் மகள் 28,000 சம்பளத்தில் வேலையைத் தொடங்கினாள் என்று வைத்துக்கொள்வோம், பிடித்தம் பூஜ்யம். 33,000 வந்தால் மாதம் 30 பவுண்டு. 40,000 வந்தால் 82. வேலை இல்லாத மாதம் ஒன்றும் இல்லை. முப்பது வருடம் கழித்து மீதி இருப்பது தள்ளுபடி. வட்டி ஏறி நிலுவைத் தொகை பெரிதாகத் தெரியும், அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். வரி மாதிரி சம்பளத்தில் போகும் ஒரு தொகை அது, அவ்வளவுதான். பிற்காலத்தில் அவள் வீட்டுக் கடன் கேட்கும்போது வங்கி அந்த மாதப் பிடித்தத்தையும் கணக்கில் எடுக்கும் என்பது உண்மை. அதற்காக உங்கள் வீட்டை இன்று அடமானத்தில் ஆழமாகத் தள்ளுவது எந்தக் கணக்கிலும் சரி வராது. ‘கடனே வேண்டாம்’ என்று சொல்லிக்கொண்டு மலிவான கடனை ஒதுக்கிவிட்டு விலை உயர்ந்த கடனை வாங்குகிறீர்கள்.

தங்கும் செலவுக்கும் வேல்ஸில் நல்ல ஏற்பாடு இருக்கிறது. வீட்டை விட்டு வெளியே தங்கிப் படிப்பவர்களுக்கு மானியமும் கடனும் சேர்த்து வருடம் ஏறக்குறைய 12,000 பவுண்டு. குடும்ப வருமானம் 18,370-க்குள் இருந்தால் மானியம் 8,100 வரை போகும், 59,200-ஐத் தாண்டினாலும் 1,000 நிச்சயம். உங்கள் 54,000-க்கு 1,900 அளவில் வரலாம். இதைத் திருப்பிக் கட்ட வேண்டாம்.

அந்த விடுதி அறை விஷயம் எனக்குக் கோபமே வரவைக்கிறது. ‘உறுதியான 8 சதவீதம்’ என்று யார் உறுதி கொடுக்கிறார்கள் என்று நண்பரிடம் கேளுங்கள். கட்டிடம் கட்டும் கம்பெனிதான் கொடுக்கும், அந்தக் கம்பெனி மூழ்கினால் உறுதியும் சேர்ந்து மூழ்கும். அப்படி நின்றுபோன கட்டிடங்கள் இந்த நாட்டில் பல உண்டு. அந்த மாதிரி ஒற்றை அறையின் மேல் வங்கிகள் சுலபமாகக் கடன் தராது. அதனால் விற்க வரும்போது கையில் ரொக்கம் உள்ள ஆள்தான் வாங்க வேண்டும். 25 சதவீதக் கடனை வைத்துக்கொண்டு 8 சதவீத வருமானம் தேடுவதில் அர்த்தமே இல்லை. உங்களுக்கு இன்று கிடைக்கும் மிகச் சிறந்த முதலீடு அந்தக் கார்டை அடைப்பதுதான்.

சரி, படிப்பு. கெல்டிக் என்றால் சோறு போடாது என்று முடிவு கட்டிவிட்டீர்கள். இங்கே நீங்கள் உங்கள் மகளைக் குறைத்து மதிப்பிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். வேல்ஸில் 2011-இல் வந்த மொழிச் சட்டத்தின்படி கவுன்சில்கள், சுகாதார வாரியங்கள், அரசு அமைப்புகள் எல்லாம் வெல்ஷிலும் சேவை தர வேண்டும். அதனால் மொழிபெயர்ப்பாளர், மொழி அலுவலர், மக்கள் தொடர்பு என்று வேலைகள் இருந்துகொண்டே இருக்கின்றன. உங்கள் கவுன்சிலின் வேலைவாய்ப்புப் பக்கத்தைத் திறந்து, ‘வெல்ஷ் அவசியம்’ என்று போட்ட விளம்பரங்களை மகளோடு உட்கார்ந்து பாருங்கள். 2021 கணக்கெடுப்பில் வெல்ஷ் பேசுவோர் 5,38,000 பேர், மக்கள்தொகையில் 17.8 சதவீதம். 2050-க்குள் பத்து லட்சம் ஆக்குவது அரசின் இலக்கு. அதற்கு முதலில் ஆசிரியர்கள் வேண்டும். வெல்ஷ் மொழிவழி உயர்நிலைப்பள்ளி ஆசிரியர் பயிற்சிக்கு இப்போது 5,000 பவுண்டு ஊக்கத்தொகை உண்டு. ஆசிரியரின் ஆரம்பச் சம்பளமே 33,000 அளவில் இருக்கிறது. எஸ்4சி என்ற வெல்ஷ் மொழித் தொலைக்காட்சியின் தலைமையகம் கார்மார்த்தனில், உங்கள் ஊருக்குப் பக்கத்தில்.

அபெரிஸ்ட்வித் நல்ல தேர்வு. வேல்ஸின் தேசிய நூலகம் அந்த ஊர் மலைச்சரிவில்தான் இருக்கிறது. ஏறக்குறைய 1250-இல் எழுதப்பட்ட ‘கார்மார்த்தன் கறுப்புப் புத்தகம்’ அங்கே இருக்கிறது. பக்கத்திலேயே உயர் கெல்டிக் ஆய்வு மையம். வெல்ஷ் மொழியின் பெரிய வரலாற்று அகராதியைத் தொகுப்பவர்கள் அங்கேதான் உட்கார்ந்து வேலை செய்கிறார்கள். பேன்டிகெலின் என்ற விடுதியில் வெல்ஷ் பேசும் மாணவர்கள் சேர்ந்து தங்குகிறார்கள். பள்ளியில் அந்த மொழியிலேயே படித்து வளர்ந்த பெண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது கஷ்டம். வெல்ஷ் வழியாகப் படிப்பவர்களுக்கு கோலெக் கெம்ரைக் கெனெட்லைத்தோல் என்ற அமைப்பு உதவித்தொகை தருகிறது. பாடத்தில் மூன்றில் இரண்டு பங்கு வெல்ஷில் இருந்தால் மூன்று வருடத்துக்கு 3,000 பவுண்டு. கடைசித் தேதியைத் தவறவிடாமல் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

மகளிடம் சொல்ல வேண்டிய எச்சரிக்கையும் இருக்கிறது. பழைய ஐரிஷ், இடைக்கால வெல்ஷ் ஆகியவற்றை மட்டும் நம்பிப் பேராசிரியர் வேலைக்குக் காத்திருப்பது ஆபத்து. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டப்ளின், கிளாஸ்கோ என்று விரல் விட்டு எண்ணும் இடங்கள்தான், அங்கேயும் காலியிடம் எப்போதாவதுதான் வரும். ஐரிஷ் மொழி 2022-இலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் முழு அலுவல் மொழி, பிரஸ்ஸல்ஸில் மொழிபெயர்ப்பு வேலை இருக்கிறது என்று அவள் படித்திருப்பாள். அந்த நிரந்தர வேலைகளுக்கு ஒன்றிய நாட்டுக் குடியுரிமை வேண்டும். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் போதாது. ஆகவே பழைய மொழிகளை ஆசையோடு படிக்கட்டும், இன்றைய வெல்ஷில் எழுதும் திறமையையும் மொழிபெயர்ப்புத் தாள்களையும் விட வேண்டாம். அப்புறம், பட்டம் முடிந்ததும் சொந்தக் கடனில் முதுகலைக்கு ஓட வேண்டாம். முதுகலைக் கடனுக்கு 21,000 பவுண்டுக்கு மேல் 6 சதவீதம் தனியாகப் பிடிப்பார்கள், முதல் கடனின் 9 சதவீதத்தோடு சேர்த்து. முழு உதவித்தொகை கிடைத்தால் மட்டும் போகட்டும்.

மாணவர் கடனையும் மானியத்தையும் தரும் ஸ்டூடன்ட் ஃபைனான்ஸ் வேல்ஸ் அமைப்பில் மகள் விண்ணப்பித்ததும் உங்களிடமும் மனைவியிடமும் வருமான விவரம் கேட்பார்கள். இரண்டு பேரும் கொடுத்தால்தான் அந்த 1,900 வரும், விட்டால் 1,000-தான்.