கண்மாய்க் கரையில் ஒரு பாட்டு

கேள்வி: மேலூர் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து எங்கள் கண்மாயைப் பற்றி ஒரு பாட்டு எழுதி மெட்டும் போட்டிருக்கிறோம். வீடியோவாக எடுக்க ஆசை. கையில் 18,000 ரூபாய் இருக்கிறது. ஊரார் கூட நிற்பதாகச் சொல்கிறார்கள். நல்ல கேமரா வாடகைக்கு எடுக்கலாமா, செல்போன் போதுமா?
– ஒரு வாசகர், மேலூர்

பதில்: செல்போன் போதும், தம்பி. கேமரா வாடகையைப் பாட்டுக்குப் போடுங்கள். உங்கள் பணத்தில் பாதியாவது ஒலிப்பதிவுக்குப் போகட்டும். படம் கொஞ்சம் மங்கினால் பார்க்கிறவர் பொறுத்துக்கொள்வார். குரல் இரைச்சலாக இருந்தால் எழுந்து போய்விடுவார். மெட்டு உங்களுடையது என்பது பெரிய பலம். எங்கிருந்தோ இறக்கிய தாளத்தை அதில் சேர்க்காதீர்கள். உரிமைக்காரர் கோரினால் யூடியூப் வருமானம் அவருக்குப் போகலாம், பாட்டே முடக்கப்படலாம். யார் எழுதியது, யார் மெட்டுப் போட்டது என்று இப்போதே ஒரு தாளில் எழுதி நால்வரும் கையெழுத்திடுங்கள்.

செட், அலங்காரம் எதுவும் வேண்டாம். சென்னைக்கு வடக்கே எண்ணூர் கழிமுகத்தில் நின்று, அது பாழாவதைப் பற்றிக் கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா பாடிய ‘சென்னை பொறம்போக்கு பாடல்’ 2017 ஜனவரியில் வந்தது. அந்த இடமே பாதிப் பாட்டைச் சொல்லிவிட்டது. உங்களுக்கு மடை இருக்கிறது, மிகைநீர் வழியும் கலுங்கு இருக்கிறது, கரையில் கருப்பசாமி இருக்கிறார்.

ஊரார் கூட நிற்பார்கள் என்ற வரியை நான் இரண்டு முறை படித்தேன். வேதாரண்யம் உப்பளத்தில் ஒரு பாட்டு எடுத்தபோது நானும் அப்படித்தான் நம்பினேன். வெயிலுக்கு முன் வேலையை முடிக்க விடியுமுன்பே பாத்தியில் இறங்குகிறவர்கள் உப்பளத் தொழிலாளர்கள். முதல் நாள் அவர்களை நண்பகல் வரை நிறுத்திவைத்தோம். மறுநாள் பாதிப் பேர் வரவில்லை. வந்த ஓர் அம்மா, “நேற்று நின்றதில் எனக்கு அரைநாள் கூலி போயிற்று, தம்பி” என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். எனக்கு முகம் கொடுக்க முடியவில்லை. அன்றிலிருந்து கூலிக்காரரை வேலை நேரத்தில் நிறுத்தினால் அந்த நாளின் கூலியைக் கொடுத்துவிடுகிறேன். உங்கள் 18,000 ரூபாயில் அதை முதலில் எடுத்து வையுங்கள்.

மற்றவர்களிடம் பணமாகக் கேட்காதீர்கள், பொருளாகக் கேளுங்கள். “உதவுங்கள்” என்று பொதுவாகச் சொன்னால் எல்லோரும் தலையசைப்பார்கள், ஒருவரும் வரமாட்டார். டிராக்டர்காரரிடம் ஒரு காலைப் பொழுதுக்கு டிரெய்லர் கேளுங்கள். அதன்மேல் நின்று எடுத்தால் உயரக் கோணமும் கிடைக்கும், கரையோடு நகரும் காட்சியும் கிடைக்கும். பந்தல்காரரிடம் வெள்ளைத் துணி. டீக்கடையில் ஆறு மணிக்கு முப்பது டீ. யார் எது கொடுத்தார் என்று மொய் நோட்டு மாதிரி எழுதி வையுங்கள். பாட்டு முடியும்போது அத்தனை பெயரும் திரையில் வரவேண்டும்.

கோடையில் உங்கள் கண்மாயில் மீன்பிடித் திருவிழா நடக்குமானால் அதை விட்டுவிடாதீர்கள். ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் ஊத்தா என்ற மூங்கில் மீன்கூடையும் வலையுமாக ஊரே ஒன்றாக இறங்கும் அந்த ஒரு நிமிடத்தை எந்தப் பணம் கொடுத்தும் திரும்ப நடத்த முடியாது. ஊர்த் தலைவரான அம்பலத்திடம் முன்பே சொல்லி அனுமதி வாங்குங்கள். கரையில் மூன்று செல்போன்களை மூன்று இடத்தில் நிறுத்துங்கள்: ஒன்று துண்டு வீசும் கைக்கு, ஒன்று ஓடும் கால்களுக்கு, ஒன்று சேறு தெறித்த முகங்களுக்கு. தண்ணீரில் வெயில் பட்டுத் தகதகக்கும்போது செல்போன் தானாக வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும், முகம் கருத்துப்போகும். திரையில் முகத்தின்மேல் விரலை அழுத்திப் பிடித்து வெளிச்ச அளவைப் பூட்டிவிடுங்கள்.

இன்னொன்று. மெதுவாக ஓடும் காட்சியில் யாராவது பாடவேண்டுமானால் படப்பிடிப்பில் பாட்டை இரட்டை வேகத்தில் ஒலிக்கவிடுங்கள். நொடிக்கு 60 பிரேமில் (60 படங்களாக) எடுத்து 30-இல் ஓட்டும்போது அசைவு பாதி வேகமாகிறது. இரட்டை வேகத்தில் பாடிய உதடு அப்போதுதான் பாட்டோடு பொருந்தும். இது தெரியாமல் உப்பளத்தில் ஒரு முழுக் காலையை நான் பாழாக்கினேன்.

முடித்ததும் யூடியூபில் ஏற்றுமுன் ஊருக்குக் காட்டுங்கள். உப்பளப் பாட்டை நாங்கள் ஒரு வீட்டுச் சுவரில் வேட்டி கட்டிக் காட்டினோம். உப்பு வாரும் பலகைக்குப் பக்கத்தில் ஒரு குதிகால். வெடிப்புகளில் வெள்ளையாக உப்பு இறங்கியிருக்கும். அந்தப் பாட்டில் நான் எடுத்ததிலேயே நல்ல காட்சி அதுதான். படம் முடிந்ததும் அரைநாள் கூலி இழந்த அந்த அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “என் மகளின் மாமியார் வீட்டில் இதைப் பார்ப்பார்கள், அந்தக் கால் வருவதை மட்டும் வெட்டிவிடு” என்றார். அன்றிரவே வெட்டிவிட்டேன்.